குழந்தைக்கு விதை இறங்கவில்லை: எத்தனை நாள் காத்திருக்கலாம்?

குழந்தை நலம்: வாசகர் கேள்வி - பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில் குடல் இறக்கம் பற்றி எழுதும்போது, விதை விதைப்பைக்குள் இறங்காத ஆண் குழந்தைகளுக்கு இது கூடவே வரும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ‘பெயர் போட வேண்டாம்’ என்று அடிக்கோடு இட்டிருந்தார்கள். மதுரையில் 26 வருடங்களாகக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து வருகிறேன். காது குத்துவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி இதைப் பற்றியும் பேசலாம், இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. ஆனால் வாய் திறக்கத் தயங்கியே பல வீடுகளில் காலம் போய்விடுகிறது. அதனால் இந்த மாதம் முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு மாதம். நிறைமாதப் பிரசவம், 2.9 கிலோ. பிறந்த அன்றே வலது விதை பையில் இல்லை என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். 45-ஆம் நாள் தடுப்பூசிக்குப் போனபோது, தானாக இறங்கிவிடும் என்றார்கள். போன மாதம் ஸ்கேன் எடுத்தோம். தொடை இடுக்கில் இருப்பதாக வந்திருக்கிறது. மாமியார் விளக்கெண்ணெய் தேய்த்து நீவி விடச் சொல்கிறார். கணவர், இவ்வளவு சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து வேண்டாம், ஐந்து வயது ஆகட்டும் என்கிறார். நான் என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், உசிலம்பட்டி அருகில்

பதில்: சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டதாலோ, சாப்பிடாததாலோ, வண்டியில் போனதாலோ இது வரவில்லை. நிறைமாதத்தில் பிறக்கும் நூறு ஆண் குழந்தைகளில் சுமார் மூன்று பேருக்கு இப்படி இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரைகூட இருக்கும்.

விதைகள் உருவாவதே பையில் இல்லை. வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகின்றன. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்து, ஏழாம் மாதவாக்கில் தொடை இடுக்கில் உள்ள குறுகிய பாதையில் நுழைந்து, பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பு பைக்குள் வந்து சேர்கின்றன. இந்தப் பயணத்துக்கு வழிகாட்டுகிற மாதிரி ஒரு தசைநார் முன்னால் போகும். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் அதற்கு லத்தீன் மொழியில் ‘குபர்னாக்குலம்’ என்று பெயர் வைத்தார். படகின் சுக்கான் என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த பெயர். உங்கள் மகனுக்கு வலது பக்கப் படகு கரைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. பொதுவாகவே இது வலது பக்கத்தில்தான் அதிகம்.

45-ஆம் நாளில் உங்களிடம் காத்திருக்கச் சொன்னது சரி. பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் ஆண் குழந்தையின் உடம்பில் ஆண் ஹார்மோன் ஒரு முறை நன்றாக ஏறி இறங்கும். அந்தச் சமயத்தில் பல விதைகள் தாமாகவே வந்து சேர்ந்துவிடும். ஆனால் ஆறு மாதம் முடிந்த பிறகு தானாக இறங்குவது மிக அரிது. காத்திருக்கச் சொன்னவர்கள் எதுவரை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆறு மாதம் என்று ஒரு கெடு போட்டுச் சொல்லாததால், பெற்றவர்கள் ஆறு வருடம் காத்திருந்து வருவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஏன் இந்த அவசரம்? விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அங்கே உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும். விதைக்கு அந்தக் குளுமை வேண்டும். உள்ளேயே இருந்தால், பிற்காலத்தில் விந்தணு உண்டாக்க வேண்டிய செல்கள் ஒரு வயதைத் தாண்டத் தாண்டக் குறைந்துகொண்டே வரும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருப்பான். அதனால்தான் அமெரிக்க சிறுநீர்ப் பாதை மருத்துவர்கள் (யூராலஜி) சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆறு மாதத்தில் அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள், அடுத்த ஒரு வருடத்துக்குள் ஆபரேஷனை முடித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதாவது ஒன்றரை வயதுக்குள். ஐரோப்பிய வழிகாட்டுதலும் முடிந்தால் ஒரு வயதுக்குள், தாமதமானாலும் ஒன்றரை வயதுக்குள் என்றுதான் சொல்கிறது. எங்கள் பிரிவிலும் அப்படியே செய்கிறோம். உங்கள் மகனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஐந்து வயது என்பது ரொம்பத் தாமதம்.

அப்புறம், அந்த ஸ்கேன். உங்கள் மேல் தவறில்லை, எழுதிக் கொடுத்ததால் எடுத்தீர்கள். ஆனால் இதற்கு ஸ்கேன் தேவையே இல்லை. பழகிய கைதான் வேண்டும். நான் குழந்தையைத் தொடும் முன் வெந்நீரில் கையை நனைத்துக்கொள்வேன். குளிர்ந்த கை பட்டதும் விதை மேலே ஓடிவிடும். குழந்தையை அம்மா மடியிலேயே வைத்து, கால்களைத் தவளைக் கால் மாதிரி மடக்கி விரித்துக்கொள்வேன். விரல் நுனியில் கொஞ்சம் சோப்பு நுரை. இடுப்பெலும்பின் முனையிலிருந்து தொடை இடுக்கு வழியாகக் கீழ்நோக்கி மெதுவாக வழித்துக்கொண்டு வந்தால், ஊறிய மொச்சைக் கொட்டை மாதிரி ஒன்று விரலுக்கு அடியில் நழுவும். அதுதான் விதை. பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு இப்படிக் கையிலேயே தட்டுப்பட்டுவிடும். ஸ்கேனில் ‘இல்லை’ என்று வந்த விதையைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ‘இருக்கிறது’ என்று வந்தாலும் செய்ய வேண்டிய சிகிச்சை மாறப்போவதில்லை. அந்தப் பணத்தைப் போக்குவரத்துச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன்.

உங்கள் மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் விதை நின்றிருக்கும் இடத்தில் அதன் ரத்தக் குழாய் நீளம் போதாமல் இழுத்துப் பிடித்திருக்கும். வெளியிலிருந்து எண்ணெய் போட்டு நீவினால் அது நீளாது. விதை நசுங்கும், குழந்தைக்கு வலிக்கும், அவ்வளவுதான். அரைஞாண் கயிறு கட்டினால் விதை இறங்கும், குடல் இறங்காது என்பதும் இப்படித்தான். கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்தியமாக நம்பி நாளைத் தள்ளாதீர்கள். ஹார்மோன் ஊசி போட்டால் இறங்கும் என்று யாராவது சொல்லக்கூடும். அதற்குப் பலன் குறைவு. 2014 வழிகாட்டுதலே வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். பிள்ளையை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வாங்கிக்கொள்ளும்போது அப்பாக்களின் கைதான் அதிகம் நடுங்கும். ஆஸ்திரேலியா, இத்தாலி, பிரிட்டன் உள்பட ஏழு நாடுகளில், குடல் இறக்க ஆபரேஷன் தேவைப்பட்ட எழுநூற்றுச் சொச்சம் பச்சிளம் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு முழு மயக்கம், மறு பாதிக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி மட்டும். ஐந்து வயதில் அறிவுத் திறனைச் சோதித்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை என்று 2019-இல் வெளியிட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்தது ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் மயக்கம். உங்கள் மகனுக்கும் ஏறக்குறைய அந்த நேரம்தான் ஆகும். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மயக்க மருத்துவர் இருக்கிறாரா என்பதை மட்டும் அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆபரேஷனில் என்ன செய்வோம் என்று தெரிந்தால் பாதி பயம் போகும். தொடை இடுக்கு மடிப்பிலேயே ஓர் அங்குலம் போல வெட்டுவோம். பின்னாளில் தழும்பு மடிப்போடு மடிப்பாக மறைந்துவிடும். விதையோடு ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய பை இருக்கும். வெங்காயச் சருகு மாதிரி. அதை ரத்தக் குழாயிலிருந்தும் விந்துக் குழாயிலிருந்தும் கிழியாமல் உரித்து எடுக்க வேண்டும். இந்த ஆபரேஷனில் பொறுமை வேண்டிய இடம் அதுதான். மற்றதெல்லாம் விரைவில் முடிந்துவிடும். அந்தப் பையைக் கட்டிவிட்டால் குடல் இறக்கமும் வராது, இழுத்துப் பிடித்திருந்த விதையும் நீளம் கொடுக்கும். பிறகு விதைப்பைத் தோலுக்கு அடியில் ஒரு சின்ன அறை செய்து, விதையை அதில் உட்கார வைப்போம். தையல் தானாகக் கரைந்துவிடும். மயக்கத்தில் இருக்கும்போதே வால் எலும்புப் பக்கம் ஒரு மரப்பு ஊசி போடுவதால் எழுந்தவுடன் பெரிதாக வலிக்காது. பெரும்பாலும் அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடலாம்.

உங்கள் பங்குக்கு ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன் தாய்ப்பால் நான்கு மணி நேரம், பசும்பாலும் பவுடர் பாலும் கஞ்சியும் ஆறு மணி நேரம், தண்ணீர் இரண்டு மணி நேரம் கொடுக்கக் கூடாது. மருத்துவமனையில் இதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அதன்படியே நடந்துகொள்ளுங்கள். அழுகிறானே என்று யாராவது ஒரு வாய் பால் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாங்கள் திட்டமாட்டோம், ஆபரேஷனைத் தள்ளி வைப்போம். வயிற்றில் பால் இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும். அன்று வெள்ளி அரைஞாண், கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிடச் சொல்வார்கள். ரத்தம் நிறுத்த மின்கருவி பயன்படுத்துவதால் உலோகம் உடம்பில் இருக்கக் கூடாது. புண் ஆறிய பிறகு மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வாரத்துக்கு அவனை இடுப்பில் வைத்துத் தூக்காதீர்கள். கால் இரண்டும் அகண்டு, விதைப்பை உங்கள் இடுப்பெலும்பில் அழுந்தும். தோளில் சாய்த்துத் தூக்குங்கள். மூன்று சக்கர சைக்கிள், ஆடும் குதிரை எதுவும் வேண்டாம். பை கொஞ்சம் வீங்கி நீலம் பாய்ந்திருந்தால் பயம் இல்லை. காய்ச்சல் அடித்தாலோ சீழ் வந்தாலோ வீக்கம் நாளுக்கு நாள் ஏறினாலோ உடனே வாருங்கள். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு விதை பிறகு சுருங்கிப்போவதும் உண்டு. அதனால்தான் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத் திரும்ப வரச் சொல்கிறோம். புண் ஆறிவிட்டது என்று வராமல் இருந்துவிடாதீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. உங்களுக்கு மதுரை ராஜாஜி மருத்துவமனை பக்கம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். ஒன்பதாம் மாத எம்.ஆர். தடுப்பூசிக்குப் போகிற வாரத்திலேயே இங்கும் வந்துவிடுங்களேன்.

கேள்வி: பேரனுக்கு நாலு வயது. நான் வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டும்போது இரண்டு விதையும் நன்றாகக் கீழே இருக்கிறது. துவட்டி முடிப்பதற்குள் ஒன்று மேலே ஏறிவிடுகிறது. மருமகள் ஆபரேஷன் செய்ய வேண்டுமோ என்று அழுகிறாள்.
- ஒரு பாட்டி, பரமக்குடி

பதில்: அம்மா, நான் மேலே எழுதிய பரிசோதனையை உங்களை அறியாமலே நீங்கள் செய்திருக்கிறீர்கள். விதையைத் தூக்கிப் பிடிக்க ஒரு தசை இருக்கிறது. குளிர் பட்டால், கூச்சம் பட்டால், பயந்தால் அது சுருங்கி விதையை மேலே இழுத்துக்கொள்ளும். சின்னப் பையன்களுக்கு அந்தத் தசை ரொம்பச் சுறுசுறுப்பு. வெந்நீரில் தளர்ந்துவிடும். தானாகக் கீழே வந்து கொஞ்ச நேரம் அங்கேயே தங்குகிறது என்றால் அது இறங்கிய விதைதான். ஆபரேஷன் வேண்டாம். மருமகளைத் தேற்றுங்கள்.

ஆனால் விட்டுவிடவும் கூடாது. இப்படி ஏறி இறங்கும் விதைகளில் சில, பையன் உயரம் வளரும்போது மேலேயே நின்றுவிடுவது உண்டு. பருவ வயது வரை வருடத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள். அவன் பிறந்தநாளை ஒட்டி என்று வைத்துக்கொண்டால் மறக்காது. சம்மணம் போட்டு உட்கார வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இருப்பில் விதை மேலே ஏறுவது கடினம்.

கேள்வி: எங்கள் சுகாதார நிலையத்தில் நேற்றுப் பிறந்த ஆண் குழந்தைக்கு இரண்டு பக்கமும் விதை தட்டுப்படவில்லை. ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லி அனுப்பலாமா?
- செவிலியர், சிவகங்கை மாவட்டம்

பதில்: சிஸ்டர், உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே பதில் சொல்லி அனுப்பினேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். இந்த ஒரு நிலையில் ஆறு மாதம் என்ற பேச்சே கிடையாது. ஒரு நாள்கூட வேண்டாம்.

இரண்டு பக்கமும் எதுவுமே தட்டுப்படாத குழந்தை, ஆணாகத் தோற்றம் அளிக்கும் பெண் குழந்தையாகவும் இருக்கலாம். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பியில் பிறவிக் கோளாறு இருந்தால், கருவிலேயே ஆண் ஹார்மோன் மிகுந்து, பெண் குழந்தையின் வெளி உறுப்பு ஆண்குறி போலவே வளர்ந்துவிடும். பால் எது என்பதைவிட, இதில் உயிர் ஆபத்து இருப்பதுதான் முக்கியம். உடம்பில் உப்புச் சத்து நிற்காமல் சிறுநீரோடு போய்விடும். முதல் வாரம் நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை, இரண்டாம் வாரத்தில் வாந்தி எடுத்து, எடை குறைந்து, துவண்டு போகும். ரத்தத்தில் சோடியம் இறங்கி பொட்டாசியம் ஏறும். கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அந்தக் குழந்தை மற்ற குழந்தைகளைப் போல வளரும். கண்டுபிடிக்காவிட்டால் வயிற்றுப்போக்கு என்றோ கிருமி என்றோ நினைத்துப் பறிகொடுத்துவிடுவோம்.

குரோமோசோம் பரிசோதனை, அந்தச் சுரப்பிக்கான ஹார்மோன் பரிசோதனை, உப்பு அளவு மூன்றும் வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு அன்றே அனுப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் இல்லை, ஆனால் சிறுநீர்த் துளையும் நுனியில் இல்லாமல் கீழே இருக்கிறது என்றாலும் இதே மாதிரி அனுப்ப வேண்டும். பிறந்த குழந்தையைத் துடைத்துப் போர்த்தும்போது இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, ‘இரண்டும் இருக்கிறது’ என்று எழுதுகிற பழக்கம் உங்களுக்கு இருந்ததால்தான் இது தெரிந்தது. அதற்காக உங்களைக் கும்பிடுகிறேன்.

கேள்வி: 31 வாரத்தில் பிறந்த மகன். இப்போது ஆறு மாதம் முடிந்துவிட்டது. இடது பக்கம் கையில் தட்டுப்படவே இல்லை. விதையே இல்லையோ?
- ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: ஒன்பது வாரம் முந்திப் பிறந்தவனுக்குப் பிரசவ தேதியிலிருந்து வயதை எண்ண வேண்டும். அந்தக் கணக்கில் அவனுக்கு இன்னும் நான்கு மாதம்தான். இரண்டு மாதம் பொறுத்துப் பார்க்கலாம்.

அப்போதும் தட்டுப்படாவிட்டால், மயக்கம் கொடுத்த பிறகு முதலில் இன்னொரு முறை தொட்டுப் பார்ப்போம். உடம்பு தளர்ந்திருக்கும்போது சில விதைகள் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் தொப்புள் வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்போம். விதை வயிற்றுக்குள் இருக்கலாம். ரத்தக் குழாய் மிகவும் குட்டையாக இருந்தால், அதை இந்த முறை கட்டிவிட்டு, விந்துக் குழாயோடு வரும் சின்ன ரத்தக் குழாய்கள் பெரிதாக ஆறு மாதம் விட்டு, பிறகு இறக்குவோம். சிலருக்குக் கருவிலேயே விதை முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று, கரைந்து போயிருக்கும். அப்படியே ஆனாலும், ஒரு நல்ல விதை ஓர் ஆணுக்குப் போதும்.

கேள்வி: எனக்கு 17 வயது. எனக்கு ஒரு பக்கம் இல்லை. வீட்டில் சொன்னதில்லை. கல்யாணம் செய்துகொள்ள முடியுமா? புற்றுநோய் வரும் என்று போனில் படித்தேன்.
- பெயர், ஊர் இல்லை

பதில்: தம்பி, நீ எழுதியது ரொம்ப நல்லது. இத்தனை வருடம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாயே என்றுதான் எனக்கு வருத்தம்.

கல்யாணம் செய்துகொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் இறங்காமல் இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவுக்குத் தந்தையாகியிருக்கிறார்கள். மற்ற ஆண்களோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டு பக்கமும் இறங்காதவர்களுக்குத்தான் அது 65 அளவுக்குக் குறைகிறது.

புற்றுநோய் விஷயத்தில் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். சுவீடனில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 17,000 பேரைப் பல வருடம் கவனித்து 2007-இல் ஆய்வு வெளியிட்டார்கள். 13 வயதுக்கு முன் செய்துகொண்டவர்களுக்கு மற்ற ஆண்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாகவும், அதற்குப் பின் செய்துகொண்டவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேலும் விதைப் புற்றுநோய் வாய்ப்பு இருந்தது. ஐந்து மடங்கு என்றதும் பதறாதே. நம் நாட்டில் அந்த நோயே மிகவும் அபூர்வம். அபூர்வமானது ஐந்து மடங்கானாலும் அபூர்வம்தான். ஆனால் அந்த விதையைப் பார்க்காமலே விட்டுவைக்க மட்டும் கூடாது.

இந்த மாதத்துக்குள் ஒரு அறுவை மருத்துவரையோ சிறுநீர்ப் பாதை (யூராலஜி) மருத்துவரையோ பார். இந்த வயதில் அந்த விதை பெரும்பாலும் வேலை செய்யாது என்பதால், இறக்கி வைப்பதற்குப் பதிலாக எடுத்துவிடலாம் என்று சொல்லக்கூடும். மற்றது நன்றாக இருந்தால் மீசை, குரல், உடல் வலு எதிலும் குறை வராது. பார்வைக்கு வித்தியாசம் தெரிய வேண்டாம் என்று நினைத்தால் சிலிக்கானில் செயற்கை விதை வைக்கவும் வழி இருக்கிறது. அம்மா அப்பாவிடம் வாயால் சொல்ல வராவிட்டால் இந்தப் பக்கத்தை மடித்து அவர்கள் கையில் கொடு. அவர்கள் உன்னைக் கோபிக்க மாட்டார்கள், தங்களைத்தான் நொந்துகொள்வார்கள். அதனால் நீயே அவர்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரலாம்.

அதுவரை இரண்டு விஷயம். மாதம் ஒரு முறை குளித்து முடித்ததும் பையில் இருக்கும் விதையைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பார். கல் மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் காட்டு. தொடை இடுக்கில் திடீரென்று கடும் வலியும் வீக்கமும் வந்தால், இறங்காத விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது நடு ராத்திரியாக இருந்தாலும் வீட்டில் எழுப்பிச் சொல். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனதும் ஒரு பக்க விதை இறங்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடு, அவர்களாகக் கேட்கட்டும் என்று இருக்காதே.